கயிற்றை அறுக்காதவர்

நமக்குப் பசிபிக் போர் கோத்தா பாருவில் தொடங்குகிறது. 1941 டிசம்பர் 8 நள்ளிரவு தாண்டி ஜப்பானியப் படை அங்கே கரையிறங்கி ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் கழிந்த பிறகுதான் ஹவாயில் பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. அங்கே அப்போது டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை. பேர்ல் துறைமுகம் என்றாலே எல்லாருக்கும் ஞாபகம் வருவது அரிசோனா போர்க்கப்பல்தான். எனக்கும் அப்படித்தான். அரிசோனாவில் உயிர் தப்பிய டொனால்ட் ஸ்ட்ராட்டன் தன் 94 வயதில், 2016-இல் வெளியிட்ட நினைவு நூலைப் படித்த பிறகுதான் பக்கத்தில் இன்னொரு கப்பல் கட்டப்பட்டிருந்தது மனதில் பதிந்தது. அதன் பெயர் வெஸ்டல். அது ஒரு பழுதுபார்ப்புக் கப்பல்.

நான் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்யும் பொறியாளன். அதனால் சண்டையைவிட அந்தக் கப்பல்தான் என்னை இழுத்தது. வெஸ்டல் 1909-இல் நிலக்கரி ஏற்றும் கப்பலாகப் பணியில் சேர்ந்து, 1913-இல் பழுதுபார்ப்புக் கப்பலாக மாற்றப்பட்டது. லேத் மெஷின், வார்ப்புப் பட்டறை, வெல்டிங், தச்சு வேலை எல்லாம் உள்ளேயே இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், மிதக்கும் ஒர்க்‌ஷாப். டிசம்பர் 6 அன்று அரிசோனாவின் பராமரிப்பு வேலைக்காக அதை ஒட்டி வந்து நின்றது. மறுநாள் காலையில் இரண்டு கப்பல்களையும் சேர்த்துப் பிடித்திருந்தவை சில வடங்கள்தான்.

முதலில் வெஸ்டல் மீதே இரண்டு குண்டுகள் விழுந்தன. சிறிது நேரத்தில் அரிசோனாவின் முன்பக்க வெடிமருந்து அறை வெடித்தது. அந்த வெடிப்பின் வேகத்தில் வெஸ்டலின் கேப்டன் காஸின் யங் கடலுக்குள் தூக்கி எறியப்பட்டார். எண்ணெய் மிதந்த தண்ணீரில் நீந்தி அவர் திரும்பி ஏறியபோது, கப்பலைக் கைவிடச் சொல்லி யாரோ ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தார்கள். அவர் அதை ரத்து செய்தார். வடங்களை அறுத்து விலகி, நீர் புகுந்து சாய்ந்துகொண்டிருந்த கப்பலை ஐயேயா பக்கம் ஆழமில்லாத இடத்துக்குக் கொண்டுபோய்த் தரைதட்ட வைத்தார்.

வெஸ்டல் விலகுவதற்கு முன்பு நடந்ததுதான் ஸ்ட்ராட்டன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த கதை. அரிசோனாவின் முன்கோபுரத்தில், பீரங்கிகளுக்குக் குறி சொல்லும் மேடையில், ஆறு பேர் தீக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். கீழே எண்ணெய் பற்றி எரியும் கடல். வெஸ்டல் மேல்தளத்தில் நின்ற ஜோ ஜார்ஜ் என்ற மாலுமி, முனையில் எடை கட்டிய மெல்லிய எறிகயிற்றை அவர்களை நோக்கி வீசினார். அதைப் பிடித்ததும் கனமான கயிற்றை அதில் கட்டி அனுப்பினார். சுமார் 70 அடி தூரம். உடம்பில் பாதிக்கு மேல் வெந்துபோன ஸ்ட்ராட்டன், தோல் உரிந்த கைகளால் ஒரு கை மாற்றி ஒரு கையாகப் பிடித்து அந்தக் கயிற்றில் கடந்தார். ஆறு பேரும் வந்து சேர்ந்தார்கள். அதில் ஒருவர் அந்த மாதமே காயங்களால் இறந்துபோனார்.

கயிற்றை அறுக்கச் சொல்லி ஜார்ஜுக்கு உத்தரவு வந்திருந்தது. அவர் கேட்கவில்லை.

இந்த இடத்தில் உத்தரவு போட்டவரை வில்லனாக்குவது எளிது. எனக்கு அது முடியவில்லை. வெஸ்டலே எரிகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது, பக்கத்தில் வெடித்த கப்பலோடு கட்டுண்டு கிடக்கிறது. தீ என்றால் முதலில் இணைப்பைத் துண்டி என்றுதான் எங்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். கணக்குப் பார்த்தால் அந்த உத்தரவு சரி. ஆனால் ஜார்ஜ் கண்ணுக்கு முன்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். இரண்டுமே சரியாக இருக்கும்போது என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்காது.

பிறகு கணக்கு இப்படிப் போனது. காஸின் யங்குக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. அவர் தகுதியானவர்தான், சந்தேகமில்லை. 1942 நவம்பரில் குவாடல்கனால் சண்டையில் இறந்தார். ஒரு நாசகாரிக் கப்பலுக்கு அவர் பெயர் வைத்தார்கள். ஜோ ஜார்ஜுக்குப் பதக்கம் வரவில்லை. உத்தரவை மீறியதுதான் தடை என்று சொல்லப்பட்டது. அவர் 1996-இல் இறந்தார். ஸ்ட்ராட்டனும், அதே கயிற்றில் வந்த லாரன் புரூனரும் விடவில்லை. தொண்ணூறைத் தாண்டிய வயதிலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2017 டிசம்பர் 7 அன்று, சரியாக 76 ஆண்டுகள் கழித்து, வெண்கல நட்சத்திரப் பதக்கம் ஜார்ஜின் குடும்பத்திடம் கொடுக்கப்பட்டது. இரண்டு கிழவர்களும் அங்கே இருந்தார்கள்.

வெஸ்டலின் மற்ற ஆட்கள் என்ன செய்தார்கள்? கவிழ்ந்து கிடந்த ஓக்லஹோமாவின் அடிப்பகுதியை வெட்டி, உள்ளே மாட்டியவர்களை மீட்கும் வேலைக்குப் போனார்கள். கப்பல் பட்டறையில் இடமில்லாததால் தங்கள் கப்பலைத் தாங்களே சரி செய்தார்கள். 1942-இல் தென் பசிபிக்கில் டோங்காவுக்குப் போய், 60 நாளில் 58 கப்பல்களில் 963 வேலைகளை முடித்தார்கள். பிறகு எஸ்பிரிட்டு சாண்டோவில் ஒரு வருடத்தில் 279 கப்பல்களில் 5,603 வேலைகள். என்டர்பிரைஸ் விமானந்தாங்கி குவாடல்கனாலுக்கு அவசரமாகக் கிளம்பியபோது, வெஸ்டலின் ஆட்கள் அதிலேயே இருந்து வேலை பார்த்துக்கொண்டே போனார்கள். என்டர்பிரைஸ் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அடைத்த ஓட்டைகளுக்கு எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது.

இந்த எண்களைப் பார்க்கும்போது எனக்கு எங்கள் வேலைப் பதிவுதான் நினைவுக்கு வந்தது. பழுது சரியானால் 'முடிந்தது' என்று ஒரு சொல். யார், எந்த நிலையில், எதைப் பிடித்துக்கொண்டு நின்று சரி செய்தார் என்று அதில் எதுவும் இருக்காது. மெஷின் ஓடினால் யாரும் நம்மைத் தேட மாட்டார்கள். நின்றால்தான் தேடுவார்கள். பழுதுபார்ப்பவர்களை வரலாறும் இப்படித்தான் நடத்துகிறது என்று புலம்பிவிட்டுப் போகலாம். ஆனால் ஜார்ஜ் விஷயத்தில் பதிவு திருத்தப்பட்டது. திருத்தியவர்கள் வரலாற்றாசிரியர்கள் இல்லை, கயிற்றின் மறுமுனையில் இருந்தவர்கள். அவர்கள் இன்னும் சில வருடம் முன்பே போயிருந்தால் அதுவும் நடந்திருக்காது.

வெஸ்டல் 1950-இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது. அரிசோனா இன்னும் அங்கேயே தண்ணீருக்குள் கிடக்கிறது, மேலே நினைவகத்தோடு. 2019-இல் புரூனர் இறந்தபோது, அவர் விருப்பப்படி அஸ்தியை அந்தக் கப்பலுக்குள் வைத்தார்கள். 2020-இல் ஸ்ட்ராட்டனும் போய்விட்டார். அவர் அரிசோனாவுக்குத் திரும்பவில்லை. நெப்ராஸ்காவில் சொந்த ஊர் மண்ணிலேயே அடக்கமானார்.