சுவரில் எழுதிய குடியேற்ற வரலாறு

கவிஞர்கள் கூடும் வட்டத்தின் பத்தாண்டு மலரில் அயல்நாட்டுக் குடியேற்றச் சட்டங்களைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று முதலில் தயங்கினேன். அமெரிக்காவின் இரு வாயில்களிலும் கவிதை நிற்கிறது என்பதை எண்ணியபோது தயக்கம் அகன்றது.

கிழக்கு வாயில் பலரும் அறிந்தது. நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திரதேவி சிலையின் பீட நிதிக்காக எம்மா லாசரஸ் 1883இல் எழுதிய கவிதை, 1903இல் வெண்கலத் தகட்டில் பொறித்து அங்கே வைக்கப்பட்டது. அருகிலுள்ள எல்லிஸ் தீவின் வழியாக 1892 முதல் 1954 வரை ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேர் வந்தனர். பெரும்பாலோர் சில மணி நேரச் சோதனையோடு கரையேறினர். மேற்கு வாயிலில் கவிதை எழுதியவர்களோ காவலில் வைக்கப்பட்டவர்கள். அவர்களுக்குக் கிடைத்த ஏடு மரச்சுவர்.

1848இல் கலிஃபோர்னியாவில் பொன் கிடைத்த செய்தி தென்சீனத்தின் குவாங்டோங் மாநிலத்தை எட்டியது. வறுமையும் உள்நாட்டுப் போரும் வாட்டிய கிராமத்தவர் கடல் கடந்தனர். 1869இல் நிறைவுற்ற கண்டம் கடக்கும் இருப்புப் பாதையின் மேற்குப் பகுதியை, சியர்ரா நெவாடா மலையைக் குடைந்து அமைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளரே. பாதை முடிந்தது, பொருளாதாரம் நலிந்தது, பழி அவர்கள்மேல் விழுந்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர் நுழைவதைப் பத்தாண்டுகளுக்குத் தடுத்தது. சீனர் குடியுரிமை பெறவும் தடை விதித்தது. 1892இல் நீட்டிக்கப்பட்ட அத்தடை, 1904இல் கால வரம்பற்றதாயிற்று. லாசரஸ் பாடுவதற்கு முந்தைய ஆண்டிலேயே ஓர் இனத்துக்குக் கதவு சாத்தப்பட்டிருந்தது என்பதைப் பீடத்தைப் புகழ்வோர் நினைப்பதில்லை.

வணிகரும் மாணவரும் குடிமக்களின் பிள்ளைகளும் விலக்குப் பெற்றனர். அமெரிக்க மண்ணில் பிறந்தவர் குடிமகனே என்று வோங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1898இல் தீர்ப்பளித்தது. 1906 ஏப்ரலில் நேர்ந்த நிலநடுக்கமும் தீயும் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகளை அழித்தன. அதன்பின், தாம் அங்கேயே பிறந்ததாகக் கூறியவரை மறுக்க ஏடு இல்லை. அவர்கள் சீனத்தில் தமக்குப் பிள்ளைகள் இருப்பதாகவும் பதிந்தனர். இல்லாத பிள்ளையின் இடம் விலைக்கு வந்தது. வாங்கியவன் பிறர் பெயரைச் சூடிக் கப்பலேறினான். இவர்களே ‘காகித மகன்கள்’.

பொய்யைப் பிடிக்க அரசு கையாண்ட கருவி கேள்வி. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் ஏஞ்சல் தீவில் 1910இல் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது. உன் வீடு எத்திசை நோக்கியது? வாயிலில் எத்தனை படி? கிணறு எங்கே? மூன்றாம் வீட்டில் யார்? தந்தையின் விடையும் மகனின் விடையும் ஒத்திருக்க வேண்டும். கப்பலில் மனப்பாடம் செய்த குறிப்புத் தாளைக் கரை நெருங்கும்போது கடலில் வீசுவார்கள். உண்மை மகனும் மனப்பாடம் செய்யவேண்டியிருந்ததுதான் கொடுமை. வீட்டுப் படிகளை எண்ணி வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர்?

வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் காத்திருந்தவர்கள் சுவரில் எழுதினார்கள். முதலில் தூரிகையாலும் பென்சிலாலும், பின்னர்க் கத்தியால் செதுக்கியும். பெரும்பாலோர் சிற்றூரார், அதிகம் படித்தவரல்லர். ஆயினும் பழஞ்சீன யாப்பில், ஐந்தும் ஏழும் எழுத்து கொண்ட அடிகளில், நாலடியும் எட்டடியுமாக இயற்றினர். பகைவரிடம் தோற்று, விறகின்மேல் படுத்துப் பித்தம் சுவைத்துக் காலம் பார்த்திருந்த யுவே நாட்டு மன்னனைத் தமக்கு உவமையாக்கினர். குடவாயிற் கோட்டத்துச் சேரமானை அறிந்த நமக்கு இது விளங்கும். ஒரு வேறுபாடு: சேரமான் பெயர் நின்றது, இங்கே பெரும்பாலான பாடல்களுக்குக் கையொப்பமில்லை. எந்தப் பெயரை இடுவது? உண்மைப் பெயர் நாடு கடத்தும்; காகிதப் பெயர் கவிஞனுடையதன்று.

அதிகாரிகளுக்கு இது சுவரைக் கெடுக்கும் குற்றம். செதுக்கல்களை மக்கு வைத்து அடைத்து வண்ணம் பூசினார்கள். நாளடைவில் மக்கு சுருங்க, எழுத்துகள் மீண்டும் தலைகாட்டின. 1931இலும் 1932இலும் காவலிலிருந்த இருவர் சுவர்ப் பாடல்களைப் படியெடுத்துக் கொண்டு கரையேறினர். பெண்களும் எழுதினர் என்று அங்கிருந்தோர் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். அவர்கள் தங்கிய நிர்வாகக் கட்டடம் 1940இல் எரிந்துபோனதால், அவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. தீயோடு நிலையமும் மூடப்பட்டது.

இடிப்பதற்கிருந்த ஆடவர் கூடத்தில் 1970இல் அலெக்சாண்டர் வைஸ் என்னும் பூங்காக் காவலர் அந்த எழுத்துகளைக் கண்டார். மேலதிகாரிகள் பொருட்படுத்தவில்லை. அவரோ விடாது கல்வியாளருக்குத் தெரிவித்தார். சீன அமெரிக்கர் போராடியதன் பயனாக 1976இல் மாநிலச் சட்டமன்றம் 2,50,000 டாலர் ஒதுக்கியது. 1980இல் ஹிம் மார்க் லாய், ஜென்னி லிம், ஜூடி யங் மூவரும் பாடல்களைத் தொகுத்து மொழிபெயர்த்து நூலாக்கினர். இதுவரை இருநூறுக்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன.

சட்டம் 1943இல் நீங்கியது. ஆண்டுக்கு 105 பேருக்கே இடம். நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய 1965ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஆசியருக்குக் கதவை அகலத் திறந்தது. தமிழ்நாட்டு மருத்துவரும் பொறியாளரும் பெருமளவில் சென்றது அதன் பின்னரே. ஆனால் காகிதப் பெயர்கள் சட்டத்தோடு மறையவில்லை. 1956இல் அரசு தொடங்கிய ஒப்புதல் திட்டத்தில் 13,000க்கும் மேற்பட்டோர் உண்மையை உரைத்தனர். ஒருவர் உரைத்தால் உறவினர் அனைவரும் வெளிப்படுவர் என்றஞ்சிப் பலர் வாய் திறக்கவில்லை. தாத்தாவின் மெய்ப்பெயர் அறியாமலே பேரர்கள் வளர்ந்தனர். அங்குள்ள சீனர் கல்லறைகள் சிலவற்றில் ஒரே கல்லில் இரு பெயர்கள் காணப்படுகின்றன: ஆங்கில எழுத்தில் காகிதப் பெயர், சீன எழுத்தில் பிறந்த குலத்தின் பெயர்.