லெசோத்தோ: ஒரே ஒரு அண்டை நாடு கொண்ட தேசம்

உலக வரைபடத்தில் தென்னாப்பிரிக்காவைப் பார்த்தால், கிழக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்தது போல ஒரு சிறிய வட்டம் தெரியும். அது ஏரி அல்ல, தனி நாடு. பெயர் லெசோத்தோ. பரப்பளவு 30,355 சதுர கிலோமீட்டர், அதாவது கேரளாவை விடச் சிறியது. மக்கள் தொகை சுமார் 23 லட்சம். தலைநகர் மசேரு.

கடற்கரை இல்லாத நாடுகள் உலகில் நாற்பதுக்கும் மேல் உண்டு. ஆனால் நாலு பக்கமும் ஒரே நாட்டால் சூழப்பட்டவை மூன்றுதான்: வாட்டிகன், சான் மரினோ, லெசோத்தோ. நேபாளத்துக்குக் கூட இந்தியா இல்லாவிட்டால் சீனா என்று சொல்லிக்கொள்ள இன்னொரு எல்லை இருக்கிறது. லெசோத்தோவுக்கு அதுவும் இல்லை. அரிசியோ, பெட்ரோலோ, மருந்தோ, தரைவழியாக எது வந்தாலும் தென்னாப்பிரிக்காவின் வழியாகத்தான் வர வேண்டும். இந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டால் இந்த நாட்டின் மொத்த வரலாறும் புரிந்துவிடும்.

மலை காப்பாற்றிய நாடு

முழு நாடும் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருப்பது உலகிலேயே இங்கு மட்டும்தான். இதன் மிகத் தாழ்ந்த இடமே சுமார் 1,400 மீட்டர் உயரம்! தபானா ந்த்லென்யானா சிகரம் 3,482 மீட்டர். ஆப்பிரிக்காவாக இருந்தாலும் குளிர்காலத்தில் இங்கே பனி பொழியும். மக்கள் தடித்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு குதிரையில் போவார்கள்.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கப் பகுதி முழுவதும் போரும் பஞ்சமுமாக இருந்தது. அப்போது மொஷ்வேஷ்வே என்ற தலைவர் 1824-ல் தன் மக்களோடு தபா போசியு என்ற தட்டையான உச்சி கொண்ட மலையில் ஏறிக் குடியமர்ந்தார். போகும் வழியில் அவருடைய தாத்தாவை நரமாமிசம் தின்னும் கூட்டம் ஒன்று கொன்று தின்றுவிட்டது என்றும், அவர்களைப் பழி வாங்காமல் மன்னித்துத் தன் மக்களோடு சேர்த்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். அடைக்கலம் தேடி வந்த பல குலத்தவரையும் சேர்த்து அவர் உருவாக்கியதுதான் பசோத்தோ இனம்.

பிறகு போயர்கள் வந்தார்கள். 1858-லும் 1865-லிருந்தும் நடந்த போர்களில் தபா போசியு மலையை அவர்களால் பிடிக்க முடியவில்லை. ஆனால் மலைக்குக் கீழே இருந்த விளைநிலங்களைப் பிடித்தார்கள். வேறு வழியில்லாமல் மொஷ்வேஷ்வே பிரிட்டனிடம் பாதுகாப்பு கேட்டார். 1868-ல் அது கிடைத்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனும் போயர்களும் பேசி எல்லையை முடிவு செய்தபோது, காலடன் ஆற்றுக்கு மேற்கே இருந்த நல்ல மண் கைவிட்டுப் போனது. நாடு மிஞ்சியது, சோறு போடும் நிலம் மிஞ்சவில்லை. இன்றும் லெசோத்தோவில் பயிர் செய்யத்தக்க நிலம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை.

இடையில் கேப் காலனி அரசு பசோத்தோ மக்களிடமிருந்து துப்பாக்கிகளைப் பறிக்கப் பார்த்தது. 1880-81-ல் நடந்த "துப்பாக்கிப் போரில்" அது முடியவில்லை. 1884-ல் நாடு மீண்டும் நேரடியாக பிரிட்டனிடம் போனது. இந்த எதிர்ப்புக்குக் கிடைத்த பலன் பெரியது. 1910-ல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது லெசோத்தோ அதில் சேர்க்கப்படவில்லை. அதனால்தான் பின்னாளில் நிறவெறிச் சட்டங்கள் இந்த மலைகளுக்குள் நுழையவில்லை.

சுரங்கத்துக்குப் போன ஆண்கள்

நிலம் இல்லாதவன் என்ன செய்வான்? எல்லை தாண்டி வேலைக்குப் போனான். தென்னாப்பிரிக்காவின் வைர, தங்கச் சுரங்கங்கள் பசோத்தோ ஆண்களின் உழைப்பில் வளர்ந்தன. 1980-களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை செய்தார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி கட்டாயமாக ஊரில் உள்ள வங்கிக்கு வந்துவிடும் என்று 1974-ல் சட்டமே போடப்பட்டது. ஊரில் வயலையும் ஆடுமாடுகளையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டது பெண்கள். 1990-களில் சுரங்கங்கள் ஆட்குறைப்பு செய்தபோது இந்த வருமானம் சரிந்தது.

1986: கதவு மூடப்பட்ட ஆண்டு

1966 அக்டோபர் 4 அன்று விடுதலை கிடைத்தது. முதல் பிரதமர் லெபுவா ஜொனாதன். 1970 தேர்தலில் தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் தேர்தலை ரத்து செய்து, அரசியல் சட்டத்தை நிறுத்திவைத்து பதவியில் தொடர்ந்தார். ஆரம்பத்தில் நிறவெறி அரசோடு நட்பாக இருந்தவர், பின்னர் அதை எதிர்த்து, அங்கிருந்து தப்பி வந்த ஏ.என்.சி.யினருக்கு இடம் கொடுத்தார். அதற்கான விலை பயங்கரமானது. 1982 டிசம்பரில் தென்னாப்பிரிக்கப் படை இரவில் மசேருவுக்குள் புகுந்து 42 பேரைக் கொன்றது. அதில் 12 பேர் லெசோத்தோ குடிமக்கள்.

1986 ஜனவரியில் தென்னாப்பிரிக்கா எல்லையை இறுக்கியது. பொருட்கள் வரவில்லை. ஜனவரி 20 அன்று ராணுவம் ஜொனாதனைக் கவிழ்த்தது, ஜெனரல் லெகான்யா ஆட்சிக்கு வந்தார். ஏ.என்.சி.யினர் வெளியேற்றப்பட்டனர், எல்லை திறந்தது. ஜொனாதன் கவிழ மூன்று வாரம் கூட ஆகவில்லை!

அதே ஆண்டு அக்டோபரில், பல ஆண்டுகளாகப் பேச்சில் இருந்த தண்ணீர் ஒப்பந்தம் கையெழுத்தானது.

"வெள்ளைத் தங்கம்"

லெசோத்தோ மக்கள் தண்ணீரை வெள்ளைத் தங்கம் என்பார்கள். 185 மீட்டர் உயரமுள்ள காட்சே அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாக 1998 முதல் தண்ணீர் ஜோகன்னஸ்பர்க் பகுதிக்குப் போகிறது. பிறகு மொஹாலே அணை வந்தது. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு சுமார் 78 கோடி கன மீட்டர் தண்ணீர் அனுப்பும் திட்டம். பதிலுக்கு ராயல்டி கிடைக்கிறது, 72 மெகாவாட் மின்சாரமும் கிடைக்கிறது. ஆனால் தலைநகர் மசேருவின் குடிநீருக்குத் தனியாக மெட்டோலாங் அணை கட்ட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1998 தேர்தலில் ஆளும் கட்சி சுமார் 60% வாக்குகளோடு 80-ல் 79 இடங்களைப் பிடித்தது. எதிர்க்கட்சிகள் தெருவில் இறங்கின. அரசு உதவி கேட்க, தென்னாப்பிரிக்கப் படை உள்ளே வந்தது. அப்போது அங்கே மண்டேலாவின் ஆட்சி. நிறவெறி போய்விட்டது, ஆனாலும் அந்தப் படை முதலில் விரைந்த இடங்களில் ஒன்று காட்சே அணை! அணையில் லெசோத்தோ வீரர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். மசேருவின் கடைவீதி எரிந்தது. இதிலிருந்து ஒரு நல்லதும் பிறந்தது. 2002 முதல் விகிதாச்சார முறையில் 40 இடங்கள் சேர்க்கப்பட்டு, சிறிய கட்சிகளுக்கும் நாடாளுமன்றத்தில் இடம் கிடைத்தது.

வரவு எங்கிருந்து?

நாட்டின் நாணயம் லோட்டி, தென்னாப்பிரிக்க ராண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டப்பட்டது. அரசு வருமானத்தில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்க சுங்க ஒன்றியத்தின் பங்குத் தொகை. அது ஓர் ஆண்டு கூடும், ஓர் ஆண்டு குறையும். லெட்செங் சுரங்கத்தில் 2018-ல் 910 காரட் வைரம் கிடைத்தது, ஆனால் வைரச் சுரங்கம் நிறையப் பேருக்கு வேலை தருவதில்லை. வேலை தந்தது ஆயத்த ஆடைத் தொழில். அமெரிக்காவின் 2000-ம் ஆண்டு வரிச் சலுகையை நம்பி வளர்ந்த அந்த ஆலைகளில் பெரும்பாலும் பெண்கள்தான் வேலை செய்தார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா 50% வரி என்று அறிவித்ததும் ஆர்டர்கள் நின்றன, பலர் வேலை இழந்தனர். பிறகு வரி 15% ஆகக் குறைக்கப்பட்டாலும், போன ஆர்டர் எல்லாம் உடனே திரும்பிவிடாது.

சம்பளம், சுங்கப் பங்கு, தண்ணீர், துணி என்று எதை எடுத்தாலும் வாங்குபவர் ஒருவரோ இருவரோதான். ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்துபவருக்கு உள்ள பயம் இந்த நாட்டுக்கு எப்போதும் உண்டு. ஆனால் இன்று ஒரு மாற்றம் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளியைத் திருப்பி அனுப்பியது போலத் தண்ணீரைத் திருப்பி அனுப்ப ஜோகன்னஸ்பர்கால் முடியாது. இப்போது மூன்றாவதாக பொலிஹாலி அணை எழும்பிக்கொண்டிருக்கிறது. அந்தப் பணம் மலைக் கிராமங்களின் பள்ளிக்கும் குழாய்க்கும் போய்ச் சேருமா என்பதுதான் இனி கேள்வி. நாட்டை மொஷ்வேஷ்வே காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். அதில் மக்கள் பிழைக்க வழி செய்வது இன்றைய ஆட்சியாளர்களின் வேலை.