நாஞ்சில் நாட்டுப் பண்பாட்டில் நீலம்

நாஞ்சில் நாட்டுப் பண்பாட்டில் நீலம் என்பது நிறத்தின் பெயராக மட்டுமன்றி, கடற்கரையின் இரங்கலையும், கொலையுண்ட பெண்ணின் சினத்தையும், தெய்வத்தின் மேனியையும் சுட்டும் சொல்லாகவும் வழங்கி வருவதாகும். நாஞ்சில் நாடு என்பது தமிழ்நாட்டின் தென்கோடியில் உள்ள கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளைக் குறிக்கும். இம்மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணைந்தது. இக்கட்டுரையில் மாவட்டத்தின் மேற்கிலுள்ள கல்குளம், விளவங்கோடு பகுதிகளும் சேர்த்துக் கொள்ளப்படுகின்றன.

ஆங்கிலத்தில் நீல நிறம் துயரத்தின் குறியீடாகும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களிடையே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய 'புளூஸ்' என்னும் இசை வடிவமும் இப்பொருளில்தான் பெயர் பெற்றது. ஓவியர் பிக்காசோ 1901 முதல் 1904 வரை வறியோரையும் கைவிடப்பட்டோரையும் நீலத்தில் தீட்டிய காலம் அவரது 'நீலக் காலம்' எனப்படுகிறது. தமிழில் எவரும் துயருற்ற மனத்தை நீலம் என்று சொல்வதில்லை. எனினும் நீலமும் துயரும் தமிழில் வேறு வழிகளில் சந்திக்கின்றன. அவற்றுள் ஒன்று நெய்தல் திணை, மற்றொன்று நீலி கதை.

சொற்பொருள்

பழந்தமிழில் நீலம் என்னும் சொல் இன்றைய நீல நிறத்தோடு கருமையையும் உள்ளடக்கியது. கருங்குவளை மலருக்கும் நீலம் என்று பெயர். நஞ்சுண்டு கழுத்துக் கறுத்த சிவன் நீலகண்டன் ஆனார். சிவாலய ஓட்டத்தின் பன்னிரு கோவில்களுள் ஏழாவதான கல்குளம் கோவிலின் இறைவன் பெயர் நீலகண்டசுவாமி. இப்பெயர் இப்பகுதியில் மக்கட்பெயராகவும் வழங்கியது. 1712இல் நட்டாலத்தில் பிறந்து, 1745இல் திருமுழுக்குப் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் இயற்பெயர் நீலகண்டன் ஆகும். இவருக்கு 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

நீலி என்ற சொல் கொற்றவைக்கும், சாயம் தரும் அவுரிச் செடிக்கும், வஞ்சகம் செய்யும் பெண்ணுக்கும் வழங்குகிறது. இம்மூன்றாம் பொருள் வந்த கதையே நாஞ்சில் நாட்டில் மிகுதியும் பாடப்பட்டது.

நீலி

நாகர்கோவிலுக்கு மேற்கே, பார்வதிபுரத்தை அடுத்துள்ள கள்ளியங்காடு நீலியின் இருப்பிடமாகக் கருதப்படுகிறது. மலையாள மரபில் இவள் கள்ளியங்காட்டு நீலி என்றும், பஞ்சவன்காட்டு யட்சி என்றும் குறிக்கப்படுகிறாள்.

கதையின் நாஞ்சில் நாட்டு வடிவம் பின்வருமாறு: தாசி குலத்துப் பெண்ணொருத்தியிடம் பொருளை இழந்த வேதியன் ஒருவன், தன்னைத் தேடிப் பின்தொடர்ந்து வந்த அவளைக் காட்டில் கள்ளிச் செடியின் அடியில் கொன்று நகைகளைக் கவர்ந்து செல்கிறான். தமக்கையைத் தேடி வந்த தம்பியும் அங்கே உயிர் விடுகிறான். கொலைக்குச் சாட்சி அந்தக் கள்ளி ஒன்றே. மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த கொலையாளியை நீலி பேயுருவில் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திப் பழையனூர் வேளாளர் அவைக்குச் சென்று, கணவன் தன்னைக் கைவிட்டதாக அழுகிறாள். அவன் அஞ்சுகிறான். அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தாங்கள் உயிர் துறப்பதாக எழுபது வேளாளர்களும் வாக்களித்து இருவரையும் ஒரு வீட்டில் தங்க வைக்கின்றனர். அன்றிரவே அவன் கொல்லப்படுகிறான். வாக்குத் தவறாத எழுபது பேரும் தீயில் இறங்குகின்றனர்.

பழையனூர் திருவாலங்காட்டை அடுத்த ஊராகும். இந்நிகழ்ச்சியைத் திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் சுட்டியிருப்பதால் கதை 7ஆம் நூற்றாண்டுக்கும் முந்தியது எனலாம். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசி, இதே பழையனூர் நீலியைச் சமண முனிவரிடம் அறம் கேட்டுத் திருந்தி, பிற சமயத்தாரை வாதில் வெல்பவளாக மாற்றியமைத்தது. தென்னாட்டு நீலியோ திருந்தவில்லை. அவளுக்குக் கோவில் எழுந்தது.

பொய்யழுகையைக் குறிக்கும் 'நீலிக்கண்ணீர்' என்ற வழக்கு இக்கதையிலிருந்து பிறந்ததாகும். வேளாளர் அவையில் அவள் சொன்னது பொய். எனினும் அழுகைக்குக் காரணமான கொலை பொய்யன்று. அன்றாட வழக்கு அவையின் தரப்பை மட்டுமே நினைவில் வைத்துக் கொண்டது. கள்ளியடியில் நடந்ததை நினைவில் வைத்திருப்பது வில்லுப்பாட்டு.

மேலாங்கோட்டில் அக்கா செண்பகவல்லி, தங்கை நீலாப்பிள்ளை என்னும் இரு யட்சிகளுக்கும் தனித்தனிக் கோவில்கள் உள்ளன. உயிருடன் இருந்தபோது நீதி கிடைக்காத பெண் இறந்தபின் அஞ்சத்தக்க தெய்வமாவது இப்பகுதியில் மீண்டும் மீண்டும் காணப்படும் அமைப்பாகும்.

வில்லுப்பாட்டும் இரங்கலும்

வில்லுப்பாட்டு தென் மாவட்டங்களின் கொடை விழாக்களில் நிகழும் கதைப்பாடல் கலையாகும். மணிகள் கட்டிய நீண்ட வில்லை மண்குடத்தின் மீது பொருத்தி, வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுவர். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியன துணைக்கருவிகள். காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் எனத் தொடங்கிக் கதைக்குள் சென்று வாழி பாடி முடிப்பது மரபு.

நாஞ்சில் நாட்டில் களப்பணி செய்த அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளியிட்ட நூலில் இக்கதைகளைப் பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என இரண்டாகப் பகுத்தார். முதல் வகை கயிலாயத்தில் தோன்றிய தெய்வங்களைப் பற்றியது. இரண்டாம் வகை கொலையுண்டு தெய்வமானவர்களைப் பற்றியது. இறப்புக் கதையில் கொலை பாடப்படும் கட்டத்தில்தான் சாமியாடிக்கு அருள் வருகிறது. அதாவது இறந்தவர் தம் சாவைத் தாமே கேட்க வருகிறார். புளூஸ் பாடகர் தம் துயரைத் தம் குரலில் 'நான்' என்று பாடுகிறார்; வில்லுப்பாட்டுப் புலவர் பிறர் துயரைப் பாட, அத்துயருக்கு உரியவர் மற்றொருவர் உடலில் இறங்கி ஆடுகிறார். இரண்டையும் ஒன்றென்று சொல்ல இயலாது. துயரை மறைக்காமல் ஊர் நடுவே ஒலிக்கச் செய்வதே இரண்டுக்கும் பொதுவானது.

இவ்வட்டாரக் கதைப்பாடல்களை நாகர்கோவிலைச் சேர்ந்த நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ. கா. பெருமாள் பல்லாண்டுகளாகத் தொகுத்தும் ஆராய்ந்தும் வந்துள்ளார்.

நெய்தல்

நெய்தல் என்பது நீர்நிலைகளில் பூக்கும் நீலநிற மலர். சங்க இலக்கியம் கடலும் கடல் சார்ந்த நிலத்துக்கும் இப்பெயரையே இட்டது. இத்திணையின் உரிப்பொருள் இரங்கல், சிறுபொழுது எற்பாடு, யாழ் விளரி. சாவு வீட்டில் முழங்கும் பறைக்கும் நெய்தல் என்றே பெயர். புறநானூற்றின் 194ஆம் பாடலில் ஒரு வீட்டில் நெய்தற்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கின்றன. நீல மலர், கடல், அழுகை, சாப்பறை ஆகிய நான்கையும் ஒரே சொல் தாங்குவது கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தின் நீலத் துயருக்குத் தமிழில் இணை தேடுவோர் நிறப்பெயரை விட்டு இம்மலரின் பெயரிடம் வருவதே பொருத்தம்.

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்க மீனவர் ஆவர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களில் பேரழிவை உண்டாக்கியது. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்த வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் வட்டார மீனவர் பலர் திரும்பவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்காகக் கரையில் காத்திருந்த குடும்பங்களைக் கண்டோருக்கு 'இரங்கல்' வெறும் இலக்கணச் சொல் அன்று.

ஓவியம்

பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில், மார்த்தாண்ட வர்மா காலத்தைச் சேர்ந்த 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் உள்ளன. செங்காவியும் மஞ்சட்காவியும் மிகுந்த இவ்வோவிய மரபில் நீலம் அருகியே வரும். அவுரியிலிருந்து நீலமும், அதனுடன் மஞ்சள் கலந்து பச்சையும் ஆக்கப்பட்டன. திருமாலின் மேனி பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிறத்தில் தீட்டப்படும். காவி மண்ணிலிருந்து கிடைக்க, தெய்வத்தின் நிறம் நீலி என்னும் செடியிலிருந்து வந்தது.

தற்காலம்

இம்மாவட்ட எழுத்தாளர் ஜெயமோகனின் வெண்முரசு வரிசையில் நான்காவது நாவலான நீலம் (2014), இராதையின் வழியே கண்ணனைப் பாடுகிறது; இங்கு நீலம் துயரன்று, பித்து. தமிழகம் முழுவதிலும் போல் இங்கும் நீலம் அம்பேத்கரியர்களின் கொடி நிறமாக அறியப்படுகிறது.

கடமற்றத்துக் கத்தனார் என்னும் மந்திரவாதப் பாதிரியார் இவ்வழியே வந்து யட்சியை அடக்கியதாகக் கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதீகமாலை கூறும். அங்கு அவள் வழிப்போக்கரின் குருதி குடிப்பவள். 2025 ஆகத்து 28 அன்று வெளியான 'லோகா அத்தியாயம் 1: சந்திரா' என்னும் மலையாளத் திரைப்படம், கள்ளியங்காட்டு நீலியை ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்து அரசனின் கொடுமைக்கு ஆளான சிறுமியாக்கி, இன்றும் வாழும் காப்பாளியாகக் காட்டியது. கல்யாணி பிரியதர்சன் இவ்வேடத்தில் நடித்தார். வேதியனும், கள்ளிக் குழந்தையும், எழுபது வேளாளரும் அப்படத்தில் இல்லை.