பட்டாளமும் பட்டப்படிப்பும்

நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய குடும்பக் கதை பட்டாளத்தில் தொடங்குவது. 1809-இல் ஆங்கிலேயர் தம் படைவீட்டைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினர். அப்படையோடு வந்த தமிழர் ‘தண்டு’ எனப்பட்ட கண்டோன்மெண்டில் குடியேறினர். 1780-இல் சென்னையில் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற் படையும் 1834-இல் இங்கு வந்து சேர்ந்தது. அல்சூரில் இன்றும் அதுவே தலைமையிடம்; அப்படை வீரனுக்குத் ‘தம்பி’ என்பது செல்லப்பெயர்.

தம்பிமார் பாலம் கட்டினர், பாதை சமைத்தனர். ஆனால் ஊருக்கு அனுப்பியது போக எஞ்சிய சம்பளத்தில் மகனைக் கல்லூரிக்கு அனுப்புவது எங்ஙனம்? அதற்கு முதற்படியாக 1946-இல் ஓசூர்ச் சாலையில் கிங் ஜார்ஜ் இராணுவப் பள்ளி எழுந்தது. சிப்பாய், ஹவில்தார், சுபேதார் ஆகியோரின் புதல்வர்க்கென்றே வகுத்த பள்ளி அது. 1952-இல் அதிகாரிகளின் பிள்ளைகளுக்கும் பொதுமக்களின் பிள்ளைகளுக்கும் அதன் கதவு திறந்தது. நல்லதுதான், எனினும் சிப்பாய் மகனுக்குப் போட்டி கூடிற்று என்பதை மறைக்க வேண்டா.

பள்ளிக்கு அப்பால் கல்லூரி. 1949-இல் டேராடூனில் முளைத்து, 1955-இல் கடக்வாஸ்லாவில் நிலைபெற்ற தேசியப் பாதுகாப்பு அகாடமியில் உணவும் உடையும் நூலும் பயிற்சியும் அரசின் செலவு. கைச்செலவு மட்டும் பெற்றோருடையது. சீனப் போர் மூண்ட 1962-ஆம் ஆண்டில் புனே படைத்துறை மருத்துவக் கல்லூரி எம்.பி.பி.எஸ். வகுப்பைத் தொடங்கிற்று. படித்து முடித்தபின் படையில் பணிபுரிவதாக எழுதிக் கொடுத்தே அங்குச் சேரவேண்டும். இதனை இலவசம் என்பாருடன் யாம் உடன்படோம். காசுக்குப் பதில் வாழ்நாளில் சில ஆண்டுகள் விலையாகின்றன.

அமெரிக்காவில் முறை நேர்மாறு. 1944-இல் அங்கு இயற்றிய சட்டத்தால், போர் முடிந்து திரும்பியவருள் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் அரசுச் செலவில் கல்லூரி புகுந்தனர். அங்கே பணி முந்தியது, படிப்பு பிந்தியது.

இவற்றினும் யாம் பெரிதாக மதிப்பது 1960-இல் நௌகாங்கில் அமைந்து, 1977-இல் டேராடூன் சேர்ந்த இராணுவ கேடட் கல்லூரியை. துப்பாக்கி ஏந்திய சிப்பாயே அங்கு மூன்றாண்டு படித்துப் பட்டம் பெற்று அதிகாரியாகலாம். மகன் படிக்கட்டும் என்று தன் ஆசையை ஒத்திவைத்த தந்தையரை நம் தெருக்களில் கண்டவர்க்கு இதன் அருமை தெரியும்.

பெண்மக்களுக்கோ கடக்வாஸ்லாவின் வாயில் நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. 2021-இல் உச்சநீதிமன்றம் இட்ட ஆணையால் அது திறந்தது. 2022-இல் சேர்ந்தவருள் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து அணிவகுத்து வெளிவந்தனர். ராஷ்ட்ரிய மிலிட்டரி பள்ளி என்று பெயர் மாறிய நம் ஓசூர்ச் சாலைப் பள்ளியிலும் இப்போது சிறுமியர் படிக்கின்றனர்.