எந்த வழி, ஏன் அந்த வழி: உயர்நிலைப் பள்ளியில் கணக்குத் தீர்க்கக் கற்பித்தல்

நிழலின் நீளத்தைக் கொண்டு கோபுரத்தின் உயரத்தைக் காணும் கணக்கைப் பத்தாம் வகுப்பு மாணவர் இரண்டு இடங்களில் சந்திக்கிறார். வடிவியல் இயலில் அது வடிவொத்த முக்கோணக் கணக்கு. முக்கோணவியல் இயலில் ஏற்றக்கோணக் கணக்கு. இரண்டையும் பிழையின்றிச் செய்யும் மாணவர்கூட எந்த வழி பொருந்தும் என்று ஒருமுறையும் முடிவு செய்திருக்கமாட்டார். இயலின் தலைப்பே அவருக்காக முடிவு செய்துவிடுகிறது. வழியைத் தேர்வதும், தேர்ந்த வழி பயனற்றது என்று கண்டு கைவிடுவதும் மாணவரின் வேலையாக ஆகாதவரை, எத்தனை பயிற்சிக் கணக்கு கொடுத்தாலும் தீர்க்கும் திறன் வளராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணக்குத் தீர்த்தலைப் பற்றிய பேச்சு கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யாவிலிருந்துதான் தொடங்கும். 1945இல் வெளிவந்த ‘ஹௌ டு சால்வ் இட்’ நூலில் அவர் கணக்கைப் புரிந்துகொள்ளல், திட்டமிடல், நிறைவேற்றல், திரும்பிப் பார்த்தல் என்று நான்கு கட்டங்களைச் சொன்னார். ஆசிரியர் மாணவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளால் நிறைந்த நூல் அது. தேர்வுக்குப் படிக்கும் குறிப்புகளில் அந்தக் கேள்விகள் உதிர்ந்து, நான்கு தலைப்புகள் மட்டும் மிஞ்சுவது ஒரு வேடிக்கை. போல்யாவின் உத்திகளிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘எளிய நேர்வொன்றை எடுத்துப் பார்’ என்ற அறிவுரை, n உறுப்புகளின் கூடுதல் காணும்போது 1, 2, 3 என்று இட்டுப் பார்ப்பதைக் குறிக்கும்; பல்லுறுப்புக் கோவையின் மூலங்களைப் பற்றிய கணக்கில், எளிதில் காரணிப்படுத்தக்கூடிய கோவையைத் தேர்வதைக் குறிக்கும். ஒரே பெயருக்குள் பல திறன்கள் அடங்கியிருப்பதால் பெயரைச் சொல்லிக்கொடுத்தால் போதாது என்று கணிதக் கல்வி ஆய்வாளர் ஆலன் ஷோன்ஃபெல்ட் சுட்டிக்காட்டினார்.

ஷோன்ஃபெல்டின் 1985ஆம் ஆண்டு நூலில் வரும் ஒரு பதிவு நம் வகுப்பறைக்கு மிக நெருக்கமானது. கொடுத்த வட்டத்தினுள் வரையக்கூடிய முக்கோணங்களில் எதற்குப் பரப்பு மிகுதி? கல்லூரி மாணவர் இருவர் ‘சமபக்க முக்கோணம்தான்’ என்று ஊகித்து, உடனே அதன் பரப்பைக் கணக்கிட இறங்கினர். கொடுத்த நேரம் முழுதும் அதிலேயே கரைந்தது. அந்தப் பரப்பு கிடைத்தால் கணக்குக்கு எப்படி உதவும் என்று கேட்டபோது அவர்களிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் தேவையான வடிவியல் அவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பக்கத்தை நாணாக நிறுத்திவைத்தால், எதிர் உச்சி நாணிலிருந்து அதிகத் தொலைவில், பெரிய வில்லின் நடுப்புள்ளியில், இருக்கும்போது பரப்பு உச்சமடைகிறது. ஆகவே இருசமபக்கமல்லாத எந்த முக்கோணத்தையும் இன்னும் பெரிதாக்கலாம். எப்பக்கத்தை அடியாகக் கொண்டாலும் இது பொருந்துவதால் சமபக்க முக்கோணம் மட்டுமே எஞ்சுகிறது. (மிகப் பெரியது ஒன்று இருக்கிறது என்பதைத் தனியே நிறுவவேண்டும், பள்ளியில் அதை ஒப்புக்கொண்டு நகரலாம்.)

அந்த மாணவர்களிடம் குறைந்தது அறிவு அன்று. போகும் வழியை இடையில் நின்று சோதிக்கும் பழக்கம். மாணவர் கணக்குத் தீர்ப்பதை ஷோன்ஃபெல்ட் எடுத்த பதிவுகளில் சுமார் 60 விழுக்காடு, படித்தவுடன் ஒரு வழியைப் பற்றிக்கொண்டு கடைசிவரை விடாத இவ்வகைதான். அவருடைய வகுப்பில் குழுக்களாகக் கணக்குப் போடும் மாணவரிடம் அவர் எந்நேரமும் மூன்று கேள்விகள் கேட்பார்: என்ன செய்கிறீர்கள், ஏன் செய்கிறீர்கள், இது எப்படி உதவும்? அவ்வகுப்பின் முடிவில் அவ்விகிதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது.

வழியை மாணவரே தேடவேண்டும் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் ஸ்வெல்லரும் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் நடத்திய ஆய்வுகளின்படி, புதிதாகக் கற்பவர் தாமே முட்டிமோதுவதைவிடத் தீர்த்துக்காட்டிய எடுத்துக்காட்டுகளைப் படிப்பது பயன் தருகிறது. இதை நான் ஏற்கிறேன். வெறுங்கையோடு மாணவரைக் கணக்கின்முன் நிறுத்துவது கற்பித்தல் ஆகாது. ஆனால் நம் பாடநூலில் ‘தீர்வு’ என்ற சொல்லுக்குக் கீழே வருவது முடிந்த வழி மட்டுமே. எங்கே தயங்கினோம், எதை விட்டோம் என்பது அங்கே இல்லை. கரும்பலகையில் ஆசிரியர் இரண்டு தொடக்கங்களை எழுதி, ஒன்றை ஏன் விடுகிறார் என்று உரக்கச் சொன்னால் அதுவும் தீர்த்துக்காட்டிய எடுத்துக்காட்டுதான். தீர்த்துக்காட்டப்படுவது அங்கே வழியைத் தேர்ந்தெடுக்கும் முறை.

பயிற்சியின் அமைப்பும் மாறவேண்டும். ரோரர், டெய்லர் ஆகியோரின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், கனவடிவங்களின் கனஅளவு காணும் கணக்குகளை ஒரு வகையை முடித்து அடுத்த வகை என்று தனித்தனியே செய்தவர்கள் பயிற்சியின்போது சிறந்து விளங்கினர். கலந்து செய்தவர்களோ பின்னர் வந்த தேர்வில் அவர்களை வெகுவாக முந்தினர். நம் நூலின் ‘அலகுப் பயிற்சி’ ஓர் இயலுக்குள்ளேயே கலக்கிறது. அளவியல், வடிவியல், ஆயத்தொலை வடிவியல் மூன்றிலிருந்தும் எடுத்துத் தலைப்பில்லாத ஒரு தாளாகக் கொடுக்க ஆசிரியருக்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

பொதுத்தேர்வைக் காட்டி இதைத் தட்டிக்கழிப்பது எளிது. 100 மதிப்பெண் தாளில் படிக்குப் படி மதிப்பெண் கிடைக்கிறது. அடித்துவிட்ட பக்கத்துக்கு ஒன்றும் இல்லை. நூலுக்கு வெளியே ஒரு கேள்வி வந்தால் ‘கிரியேட்டிவ் கொஸ்டின்’ என்று அது தனிச்சாதி ஆகிவிடுகிறது. பொதுத்தேர்வை ஒரே நாளில் மாற்ற இயலாது. வகுப்புத் தேர்வு ஆசிரியரின் கையில் இருக்கிறது. பயனற்ற முயற்சியை அழிக்காமல் ஒரே கோட்டால் அடித்து, ஏன் கைவிட்டேன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொல்லலாம். ஐந்து மதிப்பெண் கணக்கில் ஒரு மதிப்பெண்ணை அந்த வரிக்கு ஒதுக்கலாம். திருத்த நேரம் கூடும். தொடக்கத்தில் பலர் ‘விடை வரவில்லை’ என்றே எழுதுவார்கள். அதைக் காரணமாக ஏற்கக் கூடாது.