அப்பாவின் கடிதமும் கட்டுசோறும்

பழைய சிடி ஒன்றைத் திறந்தேன். 2001-ல் அப்பா ஊர் பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பிய கடிதங்கள். திரை முழுக்கக் கிறுக்கல். அப்பா இப்போது இல்லை. மனசு பதறிவிட்டது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் எதிர் பிளாட் தம்பி மென்பொருள்காரர். "அண்ணே, இது டிஸ்கி. அந்த எழுத்துரு இருந்தாத்தான் தெரியும்" என்றார். பி.காம். படித்த வங்கிக்காரனுக்குப் புரிகிற மாதிரி கதையும் சொன்னார்.

மென்பொருளை அனுப்ப இரண்டு வழி. வேண்டியதையெல்லாம் உள்ளேயே கட்டி அனுப்புவது கட்டுசோறு. கணினியில் பொதுவாக இருக்கும் நிரலகத்தை நம்பி வருவது பந்திச் சாப்பாடு. ஒரே நிரலை ஒவ்வொரு மென்பொருளும் சுமந்தால் டிஸ்க்கும் நினைவகமும் வீண் என்று 1988-ல் சன் ஓ.எஸ். 4.0 பந்தி போட்டது.

தொண்ணூறுகளில் நம் தமிழ் மென்பொருட்கள் கட்டுசோறுதான். ஆளுக்கொரு எழுத்துரு. மென்பொருள் போனால் எழுத்துருவும் போச்சு.

யூனிகோடில் 'கெ' என்றால் ககரம் முதலில், கொம்பு பின்னால். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவர ஒரு நிரல் வேண்டும். விண்டோஸ் 2000-ல் அதைச் செய்தது யுஎஸ்பி10.டிஎல்எல் என்ற பொது நிரலகம். அது சரியென்றால் அதை நம்பிய எல்லாவற்றிலும் தமிழ் சரி. பிசகினால் எல்லாவற்றிலும் கொம்பு இடம் மாறும். ஆபீஸ் 2003 தனியாக ஒரு பிரதி வைத்துக்கொண்டது. வேர்டில் ஒரு தமிழ், பிரவுசரில் வேறு தமிழ் என்று நாம் குழம்பியது ஞாபகம் இருக்கிறதா? :-)

எங்கள் பாஷையில், தலைமைக் கணக்கில் திருத்தினால் எல்லாக் கிளைக்கும் திருந்தும். தப்பினாலும் எல்லாக் கிளைக்கும் தப்பு. 2014-ல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை தெரிந்தபோது, பொது நிரலகத்தை மாற்றி சர்வரை மறுபடி துவக்கியவர்களுக்கு வேலை சுலபம். உள்ளே கட்டி வைத்த மென்பொருட்களை ஒவ்வொன்றாகத் தேடிப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

டிஸ்க் மலிந்த பிறகு கட்டுசோறு திரும்பி வந்துவிட்டது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தமிழை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நிரலகத்தைக் கூடவே கட்டிக்கொண்டு வருகின்றன.

எது நல்லது? கட்டுசோறோ பந்தியோ, சமையல் குறிப்பு ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்கியின் அட்டவணை எல்லோருக்கும் கிடைக்கிறது. அதனால்தான் தம்பி பத்தே நிமிடத்தில் கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றினார். முதல் வரியே, "வேளாவேளைக்குச் சாப்பிடு".

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சிடி இருந்தால் இந்த வாரமே திறந்து பாருங்கள்.