நீர் மறைத்த மெலிவு

சிறுநீரகம் நாள்பட்டுப் பழுதாகும்போது உடலில் இரண்டு மாற்றங்கள் ஒரே காலத்தில் நடக்கின்றன. நீர் கோத்துக் காலும் முகமும் வயிறும் வீங்குகின்றன; உள்ளே தசை கரைகிறது. வீக்கம் கண்ணுக்குத் தெரியும், கரைவு தெரியாது. கரைந்த சதையின் எடையைத் தேங்கிய நீர் ஈடுகட்டிவிடுவதால் எடை பார்த்தாலும் குறைவு தெரிவதில்லை. இந்த மெலிவைத் தனியாகப் பெயரிட்டு அளக்க மருத்துவம் முனைந்தது 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். அதற்கு முன் நோயாளிக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட உணவுமுறையே பலமுறை அந்த மெலிவை வளர்த்தது.

இப்படி ஒளியாமல், வெளிப்படையாக வற்றிய உடலைப் பெரிதும் மதித்த ஊர் திருவாலங்காடு. இரத்தின சபை எனப்படும் இவ்வூர் வடாரண்யேசுவரர் கோயிலில், ஆடும் இறைவனின் திருவடிக்கீழ் அமர்ந்தவராகப் போற்றப்படுகிறார் காரைக்கால் அம்மையார். அவர் தாமே வேண்டிப் பெற்ற பேயுருவைச் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் தயங்காமல் காட்டுகின்றன: எண்ணிவிடக்கூடிய விலா எலும்புகள், துருத்திய காறை எலும்பு, வற்றிய மார்பு, சதையற்ற தோள், கையில் தாளம். ஊட்டக்குறைவைக் கண்டறிய இன்றைய மருத்துவர் தொட்டுப் பார்க்கும் இடங்களும் கிட்டத்தட்ட இவையே. நெற்றிப்பொட்டு, காறை எலும்பு, தோள்பட்டை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை, தொடை, கெண்டைக்கால் என்று அவர் கை நகரும். அம்மையாரின் மெலிவு அவரே விரும்பி ஏற்றது, சிற்பியின் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. சிறுநீரக நோயாளியின் மெலிவோ வீக்கத்துக்கு அடியில் ஒளிந்திருப்பது. நீரை வடித்த பிறகுதான் சூம்பிய கைகால் வெளிப்படும்.

பழைய மருத்துவத்தின் கவனம் முழுவதும் வீக்கத்தின் மீதே இருந்தது. சித்த மருத்துவம் உடல் வீக்கத்தைச் சோபை என்றும், வெளுப்பைப் பாண்டு என்றும் வகுத்தது. உப்பில்லாப் பத்தியம் அந்த வழியில் வந்தது. ஐரோப்பாவில் 1827இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், உடல் வீக்கத்தையும் சிறுநீரில் வெளியேறும் புரதத்தையும் சிறுநீரகப் பழுதோடு இணைத்துக் காட்டினார். அடுத்து மருத்துவர்களின் கண் யூரியாவின் மீது விழுந்தது. புரதம் செரித்தபின் உண்டாகும் கழிவு யூரியா. அதை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு வலுவில்லை என்றால் புரதத்தையே குறைப்பது முறை என்று லயனல் பீல் 1869இல் கூறினார்.

இந்த எண்ணம் 1960களில் உச்சத்தை எட்டியது. இத்தாலியில் ஜோர்தானோ 1963இலும், ஜியோவன்னெட்டியும் மஜ்ஜோரேயும் 1964இலும், நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் புரதம் மட்டுமே உள்ள உணவைப் பரிந்துரைத்தார்கள். வாந்தியும் குமட்டலும் அடங்கின. சாவின் விளிம்பில் இருந்த பலர் சில மாதங்கள் நிம்மதியாக வாழ்ந்தார்கள். டயாலிசிஸ் எட்டாத காலத்தில் அதைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் போதிய சோறும் எண்ணெயும் சேராமல் புரதம் மட்டும் குறைந்தபோது, உடல் தன் தசையையே எரித்தது. அப்படி எரிந்த தசையும் யூரியாவாகத்தான் மாறியது.

தமிழ்நாட்டில் டயாலிசிஸின் வரலாறு வேலூரில் தொடங்குகிறது. திருவாலங்காட்டில் மேற்கே போகும் ரயில் ஏறினால் அரக்கோணம் தாண்டிக் காட்பாடி. அங்கிருந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவில்லை. 1960களின் தொடக்கத்திலேயே அங்கு டயாலிசிஸ் நடந்தது. 1971இல் சிறுநீரக மாற்று அறுவையும் வெற்றிகரமாக நடந்தது. ஆயினும் நெடுங்காலம் இயந்திரங்கள் சில, செலவு பெரிது. மிகப் பெரும்பாலோருக்குக் கிடைத்த மருந்து பத்தியம் ஒன்றுதான்.

அந்தப் பத்தியம் வீட்டு அடுக்களையில் இன்னும் இறுகியது. மருத்துவர் குறைக்கச் சொன்னதை வீடு அடியோடு நிறுத்தியது. பருப்பு போயிற்று, முட்டை போயிற்று, மீனும் கறியும் போயின. பொட்டாசியத்துக்கு அஞ்சி இளநீரும் பழங்களும் விலக்கப்பட்டன. காய்களை நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டினார்கள். ஊறுகாயும் அப்பளமும் கூடாது. எஞ்சியது உப்பில்லாச் சோறும் நீர்மோரும். நாக்கில் சுவை செத்து, பசியும் அற்றுப்போன ஒருவர் அதிலும் பாதியைத் தள்ளிவைத்தார். அசைவத்தை முழுதும் நிறுத்தாத வீடுகளிலும், திருவாலங்காட்டை அடுத்த திருத்தணி வட்டாரத்தில் கிருத்திகை, செவ்வாய், வெள்ளி என்று அசைவம் தொடாத நாட்கள் உண்டு. அந்நாட்களில் புரதத்துக்கு மாற்று எதுவும் இலைக்கு வரவில்லை.

டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழாக வேண்டும். ஒவ்வொரு முறையும் சில கிராம் அமினோ அமிலங்கள் கழிவோடு போய்விடுகின்றன. வயிற்றுவழி டயாலிசிஸில் நாளொன்றுக்கு 5 முதல் 15 கிராம் புரதமே வெளியேறுகிறது. அதனால் இனி புரதம் கூட வேண்டும். ஆனால் பழைய பத்தியச் சீட்டைப் பல வீடுகள் இன்றும் கைவிடவில்லை. இந்த வரலாற்றில் மிகுந்த துயரம் தருவது இதுவே: உண்ண வேண்டிய காலத்தில், அன்பின் பெயரால், தட்டு காலியாக வைக்கப்பட்டது.

மெலிவின் விளைவு எண்ணிக்கையில் தெரிந்தது 1990இல். அமெரிக்காவில் 12,000க்கு மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த லவ்ரியும் லூவும், இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களே அதிகம் இறப்பதைக் கண்டார்கள். குறைவாக உண்பது மட்டுமே காரணம் அல்ல என்பது அடுத்த ஆண்டுகளில் தெளிந்தது. இரத்தத்தில் அமிலம் மிகுந்தால் தசைப் புரதத்தை உடைக்கும் செயல்முறை முடுக்கிவிடப்படுகிறது. உடலெங்கும் தணியாமல் இருக்கும் அழற்சி அதற்குத் துணை போகிறது. இன்சுலின் சொல் கேட்காத தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில்லை. வயிறார உண்டும் ஒருவர் மெலிவது இதனால்தான். இவை யாவற்றையும் சேர்த்து, புரத-ஆற்றல் மெலிவு என்ற பொருளில் ஒரு பொதுப்பெயரையும் அளவுகோல்களையும் பன்னாட்டு நிபுணர் குழு 2008இல் வெளியிட்டது.

சிறுநீரகத்தின் நிலையை அறிய இரத்தத்தில் அளக்கும் கிரியாட்டினின் பற்றிய ஒரு மயக்கமும் உண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து பிறப்பது. தசை கரைந்தவரின் இரத்தத்தில் அது குறைந்தே இருக்கும். சிறுநீரகம் தேறிவிட்டதென்று குடும்பம் மகிழும் சீட்டில் உண்மையில் பதிவாகியிருப்பது சதையின் இழப்பாகவும் இருக்கலாம்.

தமிழ்நாட்டில் டயாலிசிஸ் ஏழைகளுக்கு எட்டத் தொடங்கியது மெதுவாகத்தான். 1993இல் சென்னையில் சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் டேங்கர் அறக்கட்டளை தோன்றியது. 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சேர்ந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வயிற்றுவழி டயாலிசிஸுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. திருவாலங்காடு அடங்கிய மாவட்டத்தின் தலைநகரான திருவள்ளூரிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

2020இல் திருத்தப்பட்ட அமெரிக்க வழிகாட்டு நெறிகள் டயாலிசிஸ் செய்வோருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் கேட்கின்றன; சர்க்கரை நோய் இல்லாத, டயாலிசிஸுக்கு முந்தைய நிலையினருக்கு 0.55 முதல் 0.6 கிராம், அதுவும் மருத்துவர் கண்காணிப்பில். 60 கிலோ எடையுள்ளவர் டயாலிசிஸ் செய்துகொண்டால் நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம் வேண்டும். 300 கிராம் அரிசியை வடித்த சோற்றில் கிடைப்பது 20 கிராமுக்குச் சற்றே மேல். ஒரு முட்டை 6 கிராம்; அதில் பாதிக்கு மேல் வெள்ளைக்கருவில் இருக்கிறது, சிறுநீரக நோயாளி குறைக்க வேண்டிய பாஸ்பரஸோ பெரும்பாலும் மஞ்சள்கருவில். உணவு ஆலோசகர்கள் முதலில் வெள்ளைக்கருவைச் சொல்வது இக்கணக்கின்படிதான்.